சிறு சபைகளும் பெருஞ்சட்டமும்: சிலாபத்துச் சரித்திரத்தில் ஓர் அத்தியாயம்

தெதுறு ஓயா கடலில் விழும் முகத்துவாரத்திற்குத் தெற்கே, களப்புக்கும் கடலுக்கும் தென்னந்தோப்புகளுக்கும் நடுவே அமைந்த சிலாபம் என்னும் பட்டினத்தை, முன்னேஸ்வரத்துச் சிவாலயத்திற்காகவும், மேற்றிராசனத்தின் தலைமைப் பேராலயத்திற்காகவும், இறாலுக்காகவும் நண்டுக்காகவும் அறிந்தவர் பலர். எழுத்துச் சுதந்திரத்தின் வரலாற்றில் அதற்கு ஓர் இடமுண்டு என்று எண்ணியவர் சிலரே. ஆயினும், எழுத்தை ஆள முற்பட்ட சட்டங்கள் இரண்டு நூற்றாண்டுகளாக இத்தீவில் ஒன்றன்பின் ஒன்றாக இயற்றப்பட்டபோது, அவை பெரிய ஸ்தாபனங்களைக் காட்டிலும், ஊதியமின்றி, அலுவலகமின்றி, பொது நன்மை கருதி உழைத்த சிறு கூட்டங்களையே மிகுதியாக வருத்தின என்பதற்குச் சிலாபத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் போலத் தெளிவான சாட்சி சொல்லும் ஊர் வேறொன்றை நான் அறியேன்.

இக்கரையில் பிறந்த தமிழறிஞர் ஒருவரிலிருந்து இச்சரித்திரத்தைத் தொடங்குவது பொருத்தமாகும். 1807இல் கற்பிட்டியிலே பிறந்து, 1834இல் இலங்கையின் ஊர்களையும் ஆறுகளையும் ஜனங்களையும் அகர வரிசையில் விளக்கும் ஆங்கில நூலொன்றை வெளியிட்டு, 1838 முதல் சில ஆண்டுகள் சட்டநிரூபண சபையில் தமிழர் பிரதிநிதியாக அமர்ந்து, பின்னர் சிலாபத்திலே மாவட்ட நீதிபதியாகக் கடமையாற்றி, 1859இல் தமிழ்ப் புலவர்களின் சரித்திரத்தைத் 'தமிழ் புளூட்டாக்' என்னும் பெயரால் ஆங்கிலத்தில் அளித்த சைமன் காசிச்செட்டியே அவர். அவருடைய காலத்தில்தான், பத்திரிகைகளுக்கென்று இந்நாட்டில் இயற்றப்பட்ட 1839ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் பிறந்தது. பத்திரிகை ஒன்றை அச்சிடுபவரும் வெளியிடுபவரும் தம் பெயரையும் வதிவிடத்தையும் சத்தியக் கடதாசி மூலம் அரசாங்கத்திற்குத் தெரிவித்த பின்னரே அதனை வெளியிடலாம் என்பது அச்சட்டத்தின் சாரம். இரண்டாண்டு கழித்து, 1841இல், காசிச்செட்டி 'உதயாதித்தன்' என்னும் தமிழ்ச் சஞ்சிகையொன்றைத் தொடங்கினார். அதே ஆண்டில் யாழ்ப்பாணத்திலே அமெரிக்க மிஷனாரின் 'உதயதாரகை'யும் தோன்றியது. மிஷன் என்னும் பெரிய ஸ்தாபனத்தின் பணமும் அச்சுக்கூடமும் பின்னால் நின்றபடியால் உதயதாரகை நெடுங்காலம் வாழ்ந்தது. தனி மனிதரின் ஆர்வத்தை மட்டுமே முதலாகக் கொண்ட உதயாதித்தனோ போதிய ஆதரவின்றிச் சீக்கிரமே மறைந்தது.

உதயாதித்தனைக் கொன்றது அந்தக் கட்டளைச் சட்டம் என்று நான் சொல்லமாட்டேன். வாசகர் இன்மையும் பொருள் இன்மையுமே அதனைக் கொன்றன. ஆனால் இவ்விரு பத்திரிகைகளும் ஒரே சட்டத்தின் கீழ், ஒரே வகையான சத்தியக் கடதாசியுடன் பிறக்க வேண்டியிருந்தன என்பதையும், அந்தக் கடதாசி ஒரு தரப்புக்குக் காரியஸ்தரின் காலைநேர வேலையாகவும், மறு தரப்புக்குச் சொந்தப் பெயரையும் சொந்த வீட்டையும் பணயம் வைப்பதாகவும் இருந்தது என்பதையும் நாம் கவனித்தல் வேண்டும். பின்னர் வந்த 1885ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், அச்சாகும் புத்தகம் ஒவ்வொன்றிலும் அச்சிட்டவர் பெயரும் வெளியிட்டவர் பெயரும் இருக்கவேண்டும் என்றது. 1902ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டம், அச்சுக்கூடம் வைத்திருப்போரையே பதிவுக்குள் கொண்டுவந்தது. பொறுப்புச் சொல்ல ஓர் ஆளைத் தேடுவதே இச்சட்டங்கள் யாவற்றுக்கும் பொதுவான நோக்கம். நோக்கத்தில் குற்றமில்லை. அந்த ஆளைத் தேடும் வேலையில், முதலில் அகப்படுபவர் எப்போதும் சம்பளம் வாங்காமல் உழைக்கும் சிறியவரே என்பதுதான் குறை.

சிறு கூட்டங்கள் இக்கரைக்குப் புதியவை அல்ல. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொரயா குடும்பத்தார் முன்னின்று நடத்திய சிலாபச் சங்கம், தரிசு நிலக் கட்டளைச் சட்டத்தால் காணியிழந்த குடியானவர்களுக்காக மனுக்கள் எழுதி, கொழும்பிலுள்ள பெரிய மனிதர்கள் தயங்கிய விஷயங்களிலும் குரல் எழுப்பியது. அக்குடும்பத்தைச் சேர்ந்த சி. ஈ. கொரயா 1924இல் இலங்கைத் தேசிய காங்கிரஸின் தலைவரானார். விக்டர் கொரயாவோ, ஏழையும் செல்வரும் ஒரே அளவில் இறுக்கவேண்டியிருந்த தலைவரியைச் செலுத்த மறுத்து 1922இல் சிறை சென்றார். செலுத்தவேண்டிய தொகை இரண்டு ரூபாய். எல்லோர்மீதும் ஒரே அளவாக விழும் பாரம் எல்லோருக்கும் ஒரே பாரமாகாது என்ற நியாயத்தை, இவ்வூரார் அன்று வரி விஷயத்தில் கண்டுகொண்டார்கள்.

சபைகளின்மேல் அரசாங்கம் சந்தேகக் கண் வைத்த காலமும் உண்டு. 1915 மே மாத இறுதியில் கண்டியிலே தொடங்கி ஐந்து மாகாணங்களுக்குப் பரவிய கலவரத்தில் முஸ்லிம் வணிகரின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் அழிந்தன, உயிர்கள் போயின. வதந்தி ஊர்விட்டு ஊர் சென்றது. அதிகாரிகள் அதனைத் தடுக்க அறியாது திகைத்தனர். ஜூன் 2ஆம் தேதி இராணுவச் சட்டம் பிரகடனமாயிற்று. அதன் பின் நிகழ்ந்ததுதான் நமக்கு முக்கியமானது. கலவரத்தின் வேரை ஆராயப் பொறுமையற்ற ஆட்சியாளர், ஊர்தோறும் தன்னார்வத்தால் இயங்கிவந்த மதுவிலக்குச் சங்கங்களே இராஜத் துரோகத்தின் கூடாரங்கள் என்று தீர்மானித்து, அவற்றின் தலைவர்களைச் சிறையிலிட்டனர்; பின்னாளில் முதற் பிரதம மந்திரியான டி. எஸ். சேனநாயக்கவும் அவர்களுள் ஒருவர். அநகாரிக தர்மபாலரின் 'சிங்கள பௌத்தயா' பத்திரிகை தடைசெய்யப்பட்டது. இராணுவச் சட்டத்தின் அநீதியை எதிர்த்துச் சேர் பொன்னம்பலம் இராமநாதன் சட்டநிரூபண சபையில் வாதாடி, 1916இல் இலண்டனில் ஒரு நூலையே வெளியிட்டார். சிறைப்பட்ட சங்கத்தார்க்கு நியாயம் கேட்ட அந்த நூலின் முழக்கத்தில், கடை எரிந்து தெருவில் நின்ற முஸ்லிம் வணிகரின் துயரம் பின்தள்ளப்பட்டது என்று பிற்கால ஆராய்ச்சியாளர் பலர் எழுதியுள்ளனர்; அது நியாயமான குறையே. வதந்தியால் அடிபட்டவரையும் சட்டத்தால் அடிபட்டவரையும் ஒருசேர நினைக்கும் பழக்கம் நமக்கு அன்றும் வாய்க்கவில்லை.

இனி, இதற்கு நேர்மாறான ஒரு முறைமையையும் இக்கரையிலேயே காட்டமுடியும். களப்பிலிருந்து இரவு வேளையில் வற்று நீரோடு கடலை நோக்கி ஓடும் இறாலை, நீரோட்டத்தின் குறுக்கே கழி நட்டு, வலை கட்டி மறித்துப் பிடிப்பது நீர்கொழும்பிலும் சிலாபத்திலும் பழமையான தொழில். கழி நடத்தக்க இடங்கள் சிலவே, தொழிலாளரோ பலர். ஆதலால், நீர்கொழும்பிலே நான்கு கத்தோலிக்க மீனவச் சங்கங்கள், யார் எந்த இடத்தில் எந்த இரவில் வலை கட்டுவது என்பதை ஆண்டுதோறும் கூடிச் சீட்டுப் போட்டுத் தீர்மானித்து வந்தன. முறை தவறியவரைத் தாமே விசாரித்தன. சச்சரவைத் தாமே தீர்த்தன. 1940ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கடற்றொழில் கட்டளைச் சட்டத்தின் கீழ் 1958இல் அரசாங்கம் இத்தொழிலுக்கு ஒழுங்குவிதிகள் செய்தபோது, கொழும்பிலிருந்து புதிய முறையொன்றைக் கொண்டுவந்து திணிக்காமல், அச்சங்கங்களின் வழக்கத்தையே விதியாக எழுதி அதற்குச் சட்டத்தின் பலத்தைக் கொடுத்தது. இந்த ஏற்பாட்டைக் குறையற்றதென்று புகழ நான் முன்வரவில்லை: சங்க உறுப்புரிமை குடும்ப வழியாலும் மத வழியாலும் வரையறுக்கப்பட்டிருந்தபடியால், வெளியே நின்றவருக்கு அந்த நீரில் பங்கில்லாமற் போயிற்று. ஆனாலும், ஒருவரை ஒருவர் முகமறிந்த கூட்டம் தன்னைத் தானே அடக்கியாள வல்லது என்பதையும், அரசாங்கம் மனம் வைத்தால் அத்தகைய ஆட்சியை அழிக்காமலே சட்டத்துக்குள் அணைத்துக்கொள்ளலாம் என்பதையும், இந்நாட்டு வர்த்தமானியே ஒப்புக்கொண்ட காலம் ஒன்றிருந்தது.

சுதந்திரத்திற்கு முந்திய 1947இன் பொதுசனப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம், அதன் வழி 1958இல் வந்த பத்திரிகைத் தணிக்கை, 1973இன் பத்திரிகைப் பேரவைச் சட்டம் ஆகியவை தனித்தனியே நீண்ட கதைகள். அவற்றை இங்கே விரிக்க வேண்டியதில்லை. இணையம் 1995இல் இலங்கையில் வணிக முறையில் பொதுமக்களுக்குக் கிடைக்கத் தொடங்கியபோது, பத்திரிகை நடத்தப் பணமில்லாதவர்களுக்கும் அச்சுக்கூடம் இல்லாதவர்களுக்கும் ஒரு புதிய மண்டபம் திறந்தது. தமிழர் அதனைக் கைக்கொண்ட வேகமும் விதமும் பெருமைப்படத்தக்கவை. 1998இல் கு. கல்யாணசுந்தரம் முதலியோர் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் உலகின் பல பாகங்களிலிருந்தும் அன்பர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சிட்டு அளித்தனர். 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவை இ. மயூரநாதன் போன்ற ஈழத்தமிழர் முன்னின்று வளர்த்தனர். 2005 தைப்பொங்கலன்று பிறந்த நூலகம் என்னும் எண்ணிம நூலகம், யுத்தத்தில் அழிந்தும் அழியாமலும் கிடந்த ஈழத்து ஏடுகளையும் சஞ்சிகைகளையும் சிறு பிரசுரங்களையும் ஒவ்வொன்றாகச் சேர்த்துவைத்தது. இவற்றை ஆக்கியவர் எவரும் இவற்றால் பொருளீட்டியவர் அல்லர். பகலில் வேறு தொழில் பார்த்து, இரவில் கண் விழித்து, தமக்குள்ளே விதி வகுத்து, எழுந்த பிணக்குகளைத் தமக்குள்ளே பேசித் தீர்த்துக்கொண்டவர்கள்.

அதற்கும் சட்டம் தொடர்ந்து வந்தது. இலங்கை பற்றிய செய்தி தரும் இணையத்தளங்கள் யாவும் பதிவு செய்யப்படவேண்டும் என்று 2011 நவம்பரில் ஊடக அமைச்சு அறிவித்தது. சில தளங்கள் முடக்கப்பட்டன. அதனை எதிர்த்த மனு 2012இல் உயர் நீதிமன்றத்தில் விசாரணைக்கு ஏற்கப்படாமற் போயிற்று. அவ்வாண்டிலேயே பதிவுக் கட்டணம் ஒரு இலட்சம் ரூபாய் என்றும், ஆண்டுக் கட்டணம் ஐம்பதாயிரம் ரூபாய் என்றும் பிரேரணை எழுந்தது. விளம்பரம் பெறும் கம்பனிக்கு அது ஒருநாள் வருமானம். ஊர்ச் செய்தியைக் கூலியின்றி எழுதிய ஓர் ஆசிரியருக்கு அது சில மாதச் சம்பளம். விக்டர் கொரயாவின் இரண்டு ரூபாய் இங்கே வேறு வேஷத்தில் வந்து நின்றது.

இப்போது 2019க்கு வருவோம். அவ்வாண்டு ஏப்ரல் 21ஆம் தேதி, உயிர்த்த ஞாயிறன்று, நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி தேவாலயம் உட்படப் பல இடங்களில் நிகழ்ந்த குண்டு வெடிப்புகளால் இக்கரை முழுவதும் துக்கத்திலும் அச்சத்திலும் ஆழ்ந்திருந்தது. சிலாபம் கத்தோலிக்கர் செறிந்த பட்டினம். இறந்தோரை அங்கே பலர் உறவாலும் நட்பாலும் அறிந்திருந்தனர். அந்நிலையில், மே 12ஆம் தேதி, இவ்வூர் முஸ்லிம் கடைக்காரர் ஒருவர் முகநூலில் ஆங்கிலத்தில் எழுதிய ஒரு வரி, மிகவும் சிரிக்காதே, ஒருநாள் அழுவாய் என்னும் கருத்துடையது, படமாக எடுக்கப்பட்டுக் கைக்குக் கை மாறி, இன்னொரு தாக்குதலுக்கான எச்சரிக்கையாக வாசிக்கப்பட்டது. கூட்டம் திரண்டது. அவர் தாக்கப்பட்டார், முஸ்லிம்களின் கடைகள்மீதும் பள்ளிவாசல்மீதும் கல்லெறியப்பட்டது, படையினர் ஆகாயத்தை நோக்கிச் சுட்டுக் கூட்டத்தைக் கலைத்தனர், ஊரடங்கு விதிக்கப்பட்டது, எழுதியவர் கைதானார். மறுநாள் அரசாங்கம் முகநூல், வாட்ஸ்அப் முதலியவற்றை நாடு முழுவதும் தடைசெய்தது. தடை இருந்தும் அன்றைய தினமே குளியாப்பிட்டி, ஹெட்டிப்பொல, மினுவாங்கொடை ஆகிய பகுதிகளில் வன்முறை பரவிற்று. புத்தளம் மாவட்டத்துக் கொட்டாரமுல்லையில் தச்சுத் தொழிலாளி ஒருவர் தம் வீட்டிலேயே வெட்டிக் கொல்லப்பட்டார்.

இந்த நிகழ்ச்சியை நான் எத்தனையோ கோணங்களில் நினைத்துப் பார்த்திருக்கிறேன். எழுதியவரைத் தெரிந்த ஒருவர் அந்த வரியை வாசித்தால் அது ஒரு வாய்ச்சண்டை. தெரியாத பதினாயிரம் பேர் வாசித்தால் அது ஒரு சதி. அறிமுகம் என்னும் வட்டத்துக்குள் இருந்த சொல், அவ்வட்டத்தை விட்டு வெளியேறிய கணத்திலேயே விஷமாக மாறிற்று. அவ்வாறு வெளியேற்றுவதையே தொழிலாகவும் இலாபமாகவும் கொண்டவை கோடிக்கணக்கானோரைத் திரட்டிய பெரிய கம்பனிகள். அங்கே சிங்களத்திலும் தமிழிலும் எழுதப்படுவதை வாசித்துப் பார்க்கப் போதிய ஆட்கள் இல்லை என்பதை, 2018 மார்ச்சில் திகனையிலும் கண்டிப் புறநகர்களிலும் முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறை நிகழ்ந்தபோதே இந்நாட்டுச் சிவில் சமூகத்தார் கடிதம் எழுதி முறையிட்டிருந்தனர். ஃபேஸ்புக் நிறுவனம் அதற்காகப் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது 2020 மே மாதத்தில். சிலாபம் எரிந்து ஓராண்டு கழிந்த பின்பு.

சிறு கூட்டங்களோ அந்த நாட்களில் வேறுவிதமாக நடந்துகொண்டன. உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலின் பின் பரவிய பொய்ச் செய்திகளைச் சோதித்து உண்மை சொல்வதற்காகச் சில இளைஞர்கள் கூடி 'வாட்ச்டோக்' என்னும் முயற்சியைத் தொடங்கினர். ஊர்க் குழுக்கள், பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் குழுக்கள், ஆலயக் குழுக்கள் ஆகியவற்றை நடத்தியவர்கள், வந்த வதந்தியை நிறுத்தி, அனுப்பியவரை அழைத்துக் கேட்கும் நிலையில் இருந்தனர். அரசாங்கத்தின் தடை இவர்களையே முதலில் வாய்மூடச் செய்தது. தடையைத் தாண்டும் உபாயம் அறிந்தவர் தாண்டினர். கலகம் செய்ய நினைத்தவனுக்கு அந்த உபாயத்தைக் கற்கும் ஊக்கம் இருந்தது. மகன் பத்திரமாக இருக்கிறானா என்று கேட்டறிய விரும்பிய தாய்க்கு அது கிட்டவில்லை.

அக்காலத்தில் எழுத்தின்மேல் பாய்ந்த சட்டங்களைப் பற்றி ஒரு வார்த்தை. 2007இல், குடியியல் அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையை நிறைவேற்றுவதற்காகவே இயற்றப்பட்ட 56ஆம் இலக்கச் சட்டம், துவேஷப் பிரசாரத்தைக் குற்றமாக்கி, அக்குற்றத்திற்கு மேல் நீதிமன்றம் அன்றி வேறு நீதிமன்றம் பிணை வழங்க இயலாதபடி செய்தது. திகனையில் வீடுகளை எரித்தவருக்கு எதிராக அது பயன்பட வேண்டிய அளவுக்குப் பயன்படவில்லை. முகநூலில் ஒரு சிறுகதை எழுதிய சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமாரவை 2019 ஏப்ரலில் சிறையிலிட்டு மாதக்கணக்கில் வைத்திருக்கப் பயன்பட்டது. புத்தளம் மாவட்டத்து மதுரங்குளியில் ஆசிரியராக இருந்த தமிழ்க் கவிஞர் அஹ்னாஃப் ஜஸீம், 'நவரசம்' என்னும் தம் கவிதைத் தொகுதிக்காக 2020 மே மாதத்தில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதாகி, 2021 டிசம்பரில் பிணை பெற்று, 2023 டிசம்பரில்தான் புத்தளம் மேல் நீதிமன்றத்தால் விடுதலை செய்யப்பட்டார். தீவிரவாதத்தைக் கண்டிக்கும் கவிதைகளும் அடங்கிய நூல் அது. தமிழ் அறிந்தவர் ஒருவர் நேர்மையோடு ஒரு மாலைப்பொழுது அமர்ந்து வாசித்திருந்தால் தீர்ந்திருக்கவேண்டிய விஷயம் மூன்றரை ஆண்டு நீடித்தது.

இத்தகைய அநுபவங்களின் மத்தியில் வந்ததே நிகழ்நிலைக் காப்புச் சட்டம். 2023 செப்டெம்பரில் வர்த்தமானியில் வெளியாகி, நாற்பதுக்கும் மேற்பட்ட மனுக்களால் உயர் நீதிமன்றத்தில் எதிர்க்கப்பட்டு, பல வாசகங்கள் திருத்தப்படவேண்டும் என்று அந்நீதிமன்றத்தால் தீர்மானிக்கப்பட்டு, 2024 ஜனவரி 24ஆம் தேதி 108 வாக்குகள் ஆதரவாகவும் 62 எதிராகவும் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, பெப்ரவரி 1ஆம் தேதி சபாநாயகரின் கையொப்பத்தோடு 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டமாயிற்று. ஐவர் கொண்ட ஆணைக்குழு; தேசப் பாதுகாப்புக்கோ பொது ஒழுங்குக்கோ ஊறு செய்யும் பொய்க்கூற்றுகள், மத உணர்ச்சியைப் புண்படுத்தும் கூற்றுகள் முதலியவற்றைப் பற்றிய முறைப்பாடுகளை அது விசாரிக்கும்; 24 மணி நேரத்துக்குள் நீக்கும்படி அறிவித்தல் அனுப்பும்; கேளாதவிடத்து நீதவான் நீதிமன்றத்தை நாடும்; குற்றங்களுக்கு ஐந்தாண்டு வரை சிறை விதிக்க இடமுண்டு. தடைசெய்யப்பட்ட கூற்றுகள் மூன்று ஒரே தளத்தில் இடம்பெறின், அந்தத் தளத்தையே ஆபத்தான இடமாகப் பிரகடனம் செய்விக்கவும் வழியிருக்கிறது. சிங்கப்பூரில் 2019இல் வந்த பொய்ச் செய்திச் சட்டத்தின் சாயல் இதில் வெளிப்படையாகத் தெரிகிறது.

இச்சட்டம் முற்றிலும் தீயது என்பாரோடு நான் உடன்படேன். பெண்களின் அந்தரங்கப் படங்களை அவர்கள் அனுமதியின்றிப் பரப்புவோரையும், குழந்தைகளைக் கெடுப்போரையும் தண்டிக்கும் பிரிவுகள் இதில் உள்ளன, அவை வேண்டியவை. மே 12ஆம் தேதியின் சிலாபத்தை நினைக்கும் எவரும், சொல்லுக்குக் காவலே வேண்டாம் என்று சொல்லத் துணியமாட்டார். என் மனக்குறை வேறு. உலகம் முழுவதையும் வாடிக்கையாளராகக் கொண்டு, நூற்றுக்கணக்கான சட்டத்தரணிகளைச் சம்பளத்துக்கு வைத்திருக்கும் கம்பனியையும், உடப்பிலோ முந்தலிலோ முன்னூறு பேர் கொண்ட ஊர்க் குழுவைத் தன் கைப்பேசியில் பார்த்துக்கொள்ளும் ஒரு வாலிபனையும், இச்சட்டம் ஒரே 24 மணி நேரத்தால் அளக்கிறது. கம்பனிக்கு இரவும் பகலும் வேலையாட்கள் உண்டு. அந்த வாலிபனோ, மாலையில் படகேறி மறுநாட் காலையில் கரை சேர்பவனாக இருக்கலாம். அவன் கடலிலே வலைக்குக் காவலிருக்கும் இரவில், யாரோ ஒருவர் அவன் குழுவில் எழுதியதற்கு அவன் பதில் சொல்லவேண்டிய காலக்கெடு கரையிலே கழிந்துகொண்டிருக்கும். மூன்று கூற்றுகள் என்ற கணக்கும் அவ்வாறே: கோடிக்கணக்கான கூற்றுகள் நிறைந்த பெருந்தளத்தில் மூன்று என்பது தூசு; சிறு மண்டபத்திலே, வெளியிலிருந்து வந்த பகையாளி ஒருவன் ஒரே நாளில் மூன்றையும் எழுதிவிட்டுப் போகலாம்.

இந்தக் கஷ்டம் நமக்கு மட்டும் உரியதன்று. பிரித்தானியாவில் 2023இல் இதே பெயரோடு இயற்றப்பட்ட சட்டத்தின் கடமைகள் 2025 மார்ச் 17ஆம் தேதி நடைமுறைக்கு வந்தன. பெரியதாயினும் சிறியதாயினும் ஒவ்வொரு சேவையும் தன்னால் நேரக்கூடிய தீங்குகளை ஆராய்ந்து எழுத்தில் வைத்திருக்க வேண்டும். தவறினால் ஒரு கோடியே எண்பது இலட்சம் பவுண் அல்லது உலக வருமானத்தில் நூற்றுக்குப் பத்து, இவற்றில் எது பெரிதோ அதுவரை அபராதம். 2007 முதல் இலண்டன் சைக்கிளோட்டிகள் கூடிப் பேசி வந்த இணைய மண்டபத்தைப் பொறுப்பாக நடத்தியவர், இப்பாரத்தைத் தனியாளாகத் தாங்க இயலாதென்று 2024 டிசம்பரில் மூடும் அறிவித்தல் விடுத்தார். அன்பர் சிலர் முன்வந்து பொறுப்பேற்றபடியால் அது பிழைத்தது. வெள்ளெலி வளர்ப்போர் கூடிய சிறு மண்டபம் போன்ற வேறு சில பிழைக்கவில்லை. அங்கே கூடியவர்கள் போய்ச் சேர்ந்த இடம் பெரும்பாலும் அந்தப் பெரிய கம்பனிகளின் தளங்களே. எந்தப் பெருங்கூட்டங்களின் தீமையைத் தடுக்கச் சட்டம் எழுந்ததோ, அவற்றுக்கே அச்சட்டம் ஆட்சேர்த்துக் கொடுத்தது. சிலாபத்தில் இது நிகழ்ந்தால் இன்னும் கொடிது. ஏனெனில், அறிமுகமுள்ளோர் தமக்குள் பேசும் இடங்கள் மூடப்பட்டு, எல்லாப் பேச்சும் அறிமுகமற்ற பெருவெளிக்கே செல்லுமானால், அந்த ஒரு வரியைப் படமெடுத்துப் பரப்பியவர்களுக்கு அதைவிட வசதியான ஏற்பாடு வேறில்லை.

இச்சட்டத்தைத் திருத்தவேண்டும் என்பது நிறைவேறிய நாள் தொட்டே அரசியல் வட்டாரங்களில் பேசப்பட்டு வருகிறது. திருத்த முற்படுவோர் 1958இன் களப்பு விதிகளை ஒருமுறை எடுத்து வாசிக்கவேண்டும் என்பது என் தாழ்மையான வேண்டுகோள். இலாபம் கருதாது நடக்கும் சிறு குழுக்கள் தமக்குள் வகுத்துக்கொண்ட ஒழுங்கைச் சட்டம் முதலில் அங்கீகரித்து, முறைப்பாடு வந்ததும் அதனை விசாரிக்கும் வாய்ப்பை அக்குழுவுக்கே முதற்கண் அளிக்கவேண்டும். அறிவித்தல் கிடைத்து நேர்மையாக நீக்கியவரைக் குற்றவாளியாகக் கருதலாகாது. பிறர் எழுதிய கூற்றுக்கு, அதனை அறியாதிருந்த பொறுப்பாளர் சிறைக்கு அஞ்சவேண்டிய நிலை இருத்தலாகாது. 24 மணி நேரம் என்பது கம்பனிகளுக்கு உரிய கணக்காக இருக்கட்டும், மனிதருக்குச் சில நாட்கள் கொடுக்கப்படவேண்டும். உள்ளே இருந்துகொண்டே ஒருவரை அடக்கி ஒடுக்கும் குழுக்களும் உண்டாதலால், குழுவின் தீர்ப்பில் திருப்தியுறாதவர், பெண்கள் முக்கியமாக, நேரே மேலே முறையிடும் உரிமையை இழக்கலாகாது; களப்புச் சங்கங்கள் வெளியே நிறுத்தியவர்களை நாம் மறத்தலாகாது. ஆணைக்குழுவில் தமிழை வாசித்து அதன் உட்பொருளை அறியத்தக்கவர் இருப்பது சலுகையாக அன்றி நியமனத்தின் நிபந்தனையாகவே இருக்கவேண்டும். அறிவித்தலும் அது குறிக்கும் எழுத்து எந்த மொழியில் உள்ளதோ அந்த மொழியிலேயே வரவேண்டும். அதற்குப் பதில் சொல்ல வருபவர், ஒருநாட் தொழிலை விட்டுக் கொழும்புக்குப் பஸ் ஏறாமல், சிலாபம் நீதவான் நீதிமன்றத்திலேயே, தமிழிலே, தம் நியாயத்தை எழுதிக் கொடுக்கலாம் என்பதும் அத்திருத்தத்தில் வெளிப்படையாக எழுதப்படவேண்டும்.